மூன்றாம் நாளுக்குப் பிறகு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்த மூன்று நாள் கழிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே இந்தக் கட்டுரை. பள்ளி ஆண்டு முழுக்க ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே படித்து, அந்த வீட்டு மொழியைக் காதில் வாங்கி நாவில் பழக்கிக்கொண்டு ஊர் திரும்பும் மாணவர்களைப் பற்றி இம்மலரில் வேறு கட்டுரைகள் உண்டு. நான் எழுத விரும்புவது அவர்களை வைத்துக் காப்பாற்றிய வீடுகளைப் பற்றி. இயக்கங்களின் வரலாற்றில் போய் வந்தவர்களின் படங்கள் முன்வரிசையில் இருக்கும். சோறு போட்டவர்களின் பெயர் பல சமயம் அடிக்குறிப்பில்கூட இருக்காது.

இந்த மாணவர்களை அனுப்பி வைக்கும் ஏஎஃப்எஸ் பிறந்த இடம் போர்க்களம். 1915இல் பிரான்சில் ஏ. பியாட் ஆண்ட்ரூ என்ற அமெரிக்கர் ஒரு தொண்டர் படையை அமைத்தார். அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்ற அந்தப் படையின் இளைஞர்கள் சம்பளம் வாங்காமல் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். காயம்பட்ட பிரெஞ்சுச் சிப்பாய்களைக் களத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பது அவர்கள் வேலை. இரண்டாம் உலகப் போரில் அதே படை மறுபடி திரண்டது. வட ஆப்பிரிக்கா, இத்தாலி மட்டுமல்லாமல் நமக்குப் பக்கத்தில் இந்திய–பர்மா எல்லை வரைக்கும் அவர்களின் வண்டிகள் வந்தன. முதல் போரில் தாமே ஆம்புலன்ஸ் ஓட்டிய ஸ்டீபன் கலாட்டி அப்போது தலைவர். போர் முடிந்ததும் இவர்கள் படையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் செத்து விழுவதைக் கண்ணால் பார்த்தவர்கள், அடுத்த தலைமுறை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு வளரட்டும் என்று முடிவெடுத்தார்கள். 1947இல் 10 நாடுகளைச் சேர்ந்த 52 மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதிலிருந்து தொடங்குகிறது நம் கதை. 1964இல் காலமாகும் வரை கலாட்டி இந்த வேலையை விடவில்லை.

விடுதியோ முகாமோ போதாது, குடும்பம்தான் வேண்டும் என்ற தெளிவு அதற்கும் முன்பே இன்னொருவருக்கு வந்திருந்தது. டொனால்ட் வாட் 1932இல் ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ என்ற அமைப்பைத் தொடங்கி, அமெரிக்க இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். முதலில் சுவிட்சர்லாந்தில் முகாம் போட்டார். அந்தந்த நாட்டுப் பையன்கள் தங்களுக்குள்ளேயே கூட்டம் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்துக் கூடாரத்துப் பையனோடு பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் பிள்ளைகளைக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் வழிக்கு வந்தார். அந்த வழியில் 1934இல் ஜெர்மனிக்குப் போய் வந்த இளைஞர்களில் ஒருவர் சார்ஜென்ட் ஷ்ரைவர். பின்னாளில் கென்னடி ஆட்சியில் பீஸ் கோர் அமைப்பை நடத்தியவர் அவர். பீஸ் கோர் தொண்டர்கள் மலாயாவுக்கு வந்தது 1962 ஜனவரியில். 1983 வரை இங்கே வேலை செய்தார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பள்ளியில் அவர்கள் ஆசிரியர்களாக இருந்திருக்கிறார்கள்.

மலாயாவிலிருந்து ஏஎஃப்எஸ் வழியாக மாணவர்கள் போகத் தொடங்கியது 1950களின் இறுதியில், விடுதலை கிடைத்த சூட்டோடு சூடாக. அப்போது போகும் இடம் அமெரிக்கா மட்டுமே. 1970களில்தான் எந்த நாட்டுப் பிள்ளையும் எந்த நாட்டுக்கும் போகலாம் என்ற ஏற்பாடு வலுப்பட்டது. 1974இல் ஜப்பான் அரசும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து தென்கிழக்காசிய இளைஞர் கப்பலை விட்டன. துறைமுகம் துறைமுகமாக இறங்கி, குடும்பங்களோடு ஓரிரு இரவு தங்கும் திட்டம் அது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு, 2002இல், முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ‘யெஸ்’ உதவித்தொகையைக் கொண்டுவந்தது. நம் நாட்டுப் பிள்ளைகள் பலர் அதில் போய் வந்திருக்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகள் உட்பட.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே வேறு, நாம் செய்வது வேறு. 1995இல் பகாங் தெமர்லோ பக்கத்து டேசா முர்னியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தங்குபவர் பணம் கொடுப்பார். கம்பத்துக்கு அது வருமானம், நல்ல காரியம். ஏஎஃப்எஸ் குடும்பத்துக்கு ஒரு காசும் கிடையாது. படுக்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் மனசு, இவ்வளவையும் சும்மா கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்கள்.

லூமுட்டைச் சுற்றியுள்ள நம் வட்டாரம் இதற்கு எவ்வளவு பொருத்தம் என்பதை வெளியூரார் அவ்வளவாக அறிய மாட்டார்கள். படகுத்துறையில் நின்றால் எதிரே பங்கோர் தீவு. 1874இல் பேராக்கின் தலைவிதியை மாற்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான். டிண்டிங்ஸ் என்ற பெயரில் இந்தக் கரை நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்து, 1935இல்தான் பேராக்குக்குத் திரும்பி வந்தது. சித்தியவானில் 1903இல் மெதடிஸ்ட் சபை வழியாக வந்து குடியேறிய பூச்சோவ் சீனர்களின் பிள்ளைகள் இன்றும் தந்தூர் மாதிரி அடுப்பின் உள்சுவரில் கொங் பியா ரொட்டியை ஒட்டிச் சுடுகிறார்கள். ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன. லயன் வீடுகளிலிருந்து வெளியே வந்த நம் குடும்பங்கள் தாமான்களில் குடியிருக்கின்றன. கடற்படைத் தளத்தால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து வசிக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வந்து இறங்கும் ஒரு நோர்வே பையன் காலையில் பள்ளியில் நெகாராகூ பாடுவான். மத்தியானம் சீனர் கடையில் நூடல்ஸ் சாப்பிடுவான். சாயங்காலம் தமிழ் வீட்டில் விளக்கேற்றுவதைப் பார்ப்பான். மாசி மகத்துக்குப் பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு படகேறுவான். வேறு எந்த நாட்டில் ஒரே ஆண்டில் இத்தனை கிடைக்கும்?

ஆனால் ஊர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. தமிழ் வீடுகளில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: நம் விருந்தோம்பலே சில சமயம் குறுக்கே நிற்கிறது.

சித்தியவான் பக்கத்துத் தாமான் ஒன்றில், ஜெர்மனியிலிருந்து வந்த பெண்பிள்ளையை ஒரு குடும்பம் வைத்திருந்தது. வந்த அன்றிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, கரண்டி, காற்றாடிக்கு நேர் கீழே நாற்காலி. எல்லாருக்கும் முன்னால் அவளுக்குப் பரிமாறுவார்கள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வீடே சுற்றி நின்று பார்க்கும். தட்டைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள். அன்புக்குக் குறைவில்லை. அந்தப் பெண்ணோ மாலையானால் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். ஏஎஃப்எஸ் தொடர்பாளர் என்ற முறையில் நான் போயிருந்தபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நாங்க என்ன டீச்சர் குறை வெச்சோம்?”

“ஒண்ணும் வைக்கலக்கா. ஏதாவது வேலை குடுங்க.”

“ஐயோ, வெள்ளைக்கார வீட்டுப் புள்ளைகிட்ட எப்படி வேலை வாங்குறது?”

“உங்க மக கிட்ட எப்படி வாங்குறீங்களோ அப்படித்தான்.”

அந்த வாரமே வேலை தானாக வந்தது. பங்கோரிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருந்தார்கள். பாட்டி கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். நெத்திலி ஆய்வதைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. கட்டை விரல் நகத்தால் தலையைக் கிள்ள வேண்டும். முதுகோரம் அழுத்தினால் மீன் இரண்டாகப் பிளக்கும். நடுவில் இருக்கும் கறுப்புக் குடலை எடுத்துவிட்டு, பிளந்ததை ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். தலையும் குடலும் இன்னொரு பக்கம், பூனைக்கு. அந்தப் பெண் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. கையைப் பிடித்துக் காட்டினார். இவள் மீனை நசுக்கினாள். பாட்டி அவள் விரலைத் தட்டிவிட்டு மறுபடி காட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் எழுந்திருக்கவில்லை என்று அந்த அம்மா தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. அதன் பிறகு, மழை இருட்டிக்கொண்டு வந்தால் “துணியை எடு!” என்று அடுப்படியிலிருந்து கூப்பிடும் சத்தம் அவளுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவளும் ஓடினாள். அவளுக்குத் தமிழ் வந்தது பாட்டியிடமிருந்துதான். வீட்டில் மற்ற எல்லாரும் மரியாதைக்காக ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆங்கிலம் நம் வீடுகளில் பெரிய தடை. ‘நமக்கு இங்கிலீஷ் சரியா வராதே’ என்று தயங்கி ஒதுங்கும் குடும்பங்களைத்தான் நான் முதலில் தேடிப் போவேன். மலாயை அந்தப் பிள்ளை பள்ளியில் கற்றுக்கொள்ளும். ஆங்கிலம் அதற்கு ஏற்கெனவே தெரியும். தமிழ் வேறு எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் தமிழும், சண்டை போடும் தமிழும், சாமி கும்பிடும் தமிழும் வீட்டுக்குள்தான் இருக்கின்றன.

வீடு சின்னது என்பது அடுத்த தயக்கம். தனி அறை கட்டாயம் இல்லை. தனிக் கட்டில் இருந்தால் போதும், வீட்டுப் பிள்ளையோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். வயசுப் பெண்ணை வைத்துக்கொள்ள பயம் என்று சொல்பவர்களும் உண்டு. நியாயமான பயம். அதற்காகத்தான் தொடர்பாளர், நெறியுரை முகாம், ஒத்துப்போகாவிட்டால் குடும்பத்தை மாற்றும் வழி எல்லாம் இருக்கின்றன. எல்லா நாட்டு ஏஎஃப்எஸ் பிள்ளைக்கும் மூன்று தடை பொது: வண்டி ஓட்டக் கூடாது, போதைப்பொருள் தொடக் கூடாது, வழியில் போகும் வண்டியை மறித்து ஏறக் கூடாது. மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் சாவியை மறுக்கத் தெரியாத நாம், இந்தப் பிள்ளையிடம் மறுத்தாக வேண்டும். அதனால் வீட்டுப் பிள்ளைக்கும் ஒழுங்கு வந்த கதைகள் உண்டு.

இங்கிருந்து போன நம் பிள்ளைகளும் அதே அன்பை அங்கே வாங்கியிருக்கிறார்கள். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவின் பேரப்பிள்ளை, பனி கொட்டும் ஊரில் மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்லத் தயங்கி நிற்கும். விண்ணப்பத்தில் அது எழுதியிருக்கும். ஆனாலும் மேசையில் வைத்த பிறகு சொல்வது கடினம். அங்குள்ள அம்மா மறுநாளிலிருந்து கோழியும் முட்டையும் சமைக்கத் தொடங்குவார். நாய் கட்டிலில் ஏறுவதும், மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடுவதும் பழக்கமாகிவிடும். கொண்டுபோன மிளகாய்த் தூளை வைத்து அந்த வீட்டுக்கு ஒரு நாள் கோழிக்குழம்பு வைத்துக் காட்டாத பிள்ளை அநேகமாக இல்லை.

அந்த வெளிநாட்டு அம்மாக்களின் பெயர்களை நம் பிள்ளைகள் மறப்பதில்லை. இங்கே வைத்து வளர்த்த நம் அம்மாக்களின் பெயர்கள் மட்டும் ஒரே இடத்தில் எழுதப்படாமல் கிடக்கின்றன. சிலர் காலமாகிவிட்டார்கள். சிலர் பிள்ளைகளோடு ஈப்போ, பினாங்கு என்று இடம் பெயர்ந்துவிட்டார்கள். எந்த ஆண்டு, எந்த நாட்டுப் பிள்ளை, எந்த வீடு என்ற விவரம் பழைய புகைப்படங்களின் பின்பக்கத்திலும், தீபாவளிக்கு வந்த வாழ்த்து அட்டைகளிலும்தான் இருக்கிறது. இம்மலர் கைக்குக் கிடைத்தவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அட்டையோ படமோ கடிதமோ இருந்தால் நகல் எடுத்து விழாக் குழுவிடம் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். பெயர் தெரியாத படமானாலும் கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் மேசையில் பரப்பி வைத்து, மூத்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வோம்.