எங்கே மிச்சம் பிடித்தார்கள்?

ஒரு பொருள் மலிவாக வருகிறதென்றால், தயாரித்தவர் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். வணிகவியல் படித்தவனுக்கு இது அரிச்சுவடி. மிச்சம் பிடிப்பதில் தப்பே இல்லை. எங்கே பிடித்தார் என்பதுதான் கேள்வி. மலிவு விலை மாடல் ரயில் இன்ஜின்களின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

பொம்மை ரயிலுக்கெல்லாம் சரித்திரமா என்று சிரிக்காதீர்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது சின்னப் பையன் சமாசாரம் மட்டுமல்ல. ரிட்டயர் ஆன பெரியவர்கள் ஒரு முழு அறையை ஒதுக்கி, மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் கட்டி ரயில் விடுகிற விவகாரம். நிஜ இன்ஜினை எழுபத்தாறில் ஒரு பங்காகவோ எண்பத்தேழில் ஒரு பங்காகவோ சுருக்கியிருப்பார்கள். தண்டவாளத்தில் 12 வோல்ட் கரண்ட் ஓடும். சக்கரம் அதை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். மோட்டார் பல்சக்கரம் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால் தரம் என்பது மூன்றே கேள்விதான். எத்தனை சக்கரம் கரண்ட் எடுக்கிறது? எத்தனை சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது? இன்ஜின் எத்தனை கனம்? மூன்றுமே வெளியே தெரியாது. வெளியே தெரிவது பெயின்ட்.

முதலில் இங்கிலாந்து. லிவர்பூலில் மெக்கானோ கம்பெனி நடத்திய ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் விற்கத் தொடங்கினார். அவர் காலமான பிறகு, 1938-ல் அதே கம்பெனி ஹார்ன்பி டப்ளோ என்ற சின்ன சைஸ் ரயிலைக் கொண்டுவந்தது. அச்சில் வார்த்த உலோக உடம்பு. கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும். விலையும் கனம்தான்.

1950 கிறிஸ்துமஸுக்கு ரோவெக்ஸ் என்ற சின்னக் கம்பெனி, மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளுக்காக ஒரு பிளாஸ்டிக் ரயில் செய்து கொடுத்தது. பிரின்சஸ் எலிசபெத் என்று பெயர். மறு வருடமே அந்தக் கம்பெனியை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டார்கள். லைன்ஸ் என்ற சகோதரர்கள் மூன்று பேர். மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம். ஆகவே பிராண்டுக்குப் பெயர் ட்ரை-ஆங்.

ஆரம்ப கால பிளாஸ்டிக் படுமோசம். நாளாக ஆக வளைந்து வாழைப்பழம் மாதிரி ஆகிவிடும். பிறகு பிளாஸ்டிக்கை மாற்றினார்கள். ஆனால் ட்ரை-ஆங் உள்ளே வைத்த எக்ஸ்.04 என்ற மோட்டார் இருக்கிறதே, அது திறந்த மோட்டார். தேய்ந்த கார்பனை வீட்டிலேயே மாற்றலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், எண்ணெய் விடலாம். உடம்பு கனமில்லாமல் வழுக்கியதா? 1960-களில் அடியில் காந்தம் வைத்து இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்தார்கள். மிச்சம் பிடித்தது உடம்பில். உயிர்நாடியில் கை வைக்கவில்லை.

முடிவு? 1964-ல் மெக்கானோவையே லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டார்கள். அசல் டப்ளோ ரயில் நின்றுபோனது. இன்றைக்கு ஹார்ன்பி என்ற பெயரில் விற்பது உண்மையில் அந்த மலிவு ரயிலின் வம்சம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாக்காரர் இர்வின் ஆதர்ன். 1950-களின் கடைசியில் விலையைக் குறைக்க அவர் செய்த காரியம், பல்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பேண்ட். ஆம், கடையில் பொட்டலம் கட்டுகிற அதே சமாசாரம்! ஹஸ்லர் என்ற குட்டி இன்ஜின் அதை வைத்துக்கொண்டு ராக்கெட் மாதிரி பாய்ந்தது. மெதுவாகப் போ என்றால் மட்டும் போகாது. கொஞ்ச நாளில் ரப்பர் காய்ந்து அறுந்துவிடும்.

ஆதர்ன் அதோடு நிற்கவில்லை. பல்சக்கர இன்ஜின்களைக் கொண்டுவந்தார். நடுவில் மோட்டார். அங்கிருந்து முன்னும் பின்னும் தண்டு. எல்லாச் சக்கரமும் சுற்றும். அடியில் கனமான உலோகச் சட்டம். அப்படியானால் மிச்சம் எங்கே? கைப்பிடிக் கம்பிகளை வாங்குகிறவரே மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் உறுமும். மோட்டாரின் அகலத்துக்கு இடம் விட, பல டீசல் இன்ஜின்களின் உடம்பை நிஜத்தைவிட அகலமாகவே செய்தார். அளவு பார்க்கிறவர்கள் திட்டினார்கள். ஆனால் நீல அட்டைப் பெட்டியில் வந்த அந்த இன்ஜின்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன.

டைகோவின் கதை நேர் எதிர். நியூஜெர்சியில் ஜான் டைலர் குடும்பம் உலோக இன்ஜின் செய்து நல்ல பெயர் எடுத்திருந்த கம்பெனி. 1970-ல் கன்சாலிடேட்டட் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தின் கைக்குப் போனது. பெட்டி பளபளத்தது, பெயின்ட் ஜொலித்தது. உள்ளே, டீசல் இன்ஜினின் ஒரு முனையில் மட்டும் மோட்டார். வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் ரப்பர் வளையம். ரப்பர் மாட்டிய சக்கரம் கரண்ட் எடுக்காது என்பது எந்தப் பையனுக்குத் தெரியும்? சட்டனூகா சூ-சூ என்ற நீராவி இன்ஜின் இன்னும் விசேஷம். மோட்டார் பின்னால் வரும் நிலக்கரி வண்டியில். இன்ஜின் வண்டியை இழுக்கவில்லை, வண்டிதான் இன்ஜினைத் தள்ளியது!

இதில் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த ரயில் நாலு அடி போய் நிற்கும். பையன் கையால் தள்ளுவான். மறுபடி நிற்கும். இன்ஜின் மட்டம் என்று அவனுக்குத் தோன்றாது. நமக்கு இது வராது போலிருக்கிறது என்று பெட்டியை மூடி வைத்துவிடுவான். வாழ்நாள் முழுக்க வரவேண்டிய ஒரு சந்தோஷம், போயே போச்சு.

விலை கூடுதலென்றால் தரம் நிச்சயமா? அதுவும் இல்லை. லைஃப்-லைக் என்ற கம்பெனி புரோட்டோ 2000 என்று ஓர் உயர்ரக வரிசை கொண்டுவந்தது. அத்தனை அழகு. ஆனால் பல இன்ஜின்களில் அச்சிலிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்தது. இன்ஜின் நொண்டியது. என்ன செய்தார்கள் தெரியுமா? மலிவு ஆதர்ன் இன்ஜினின் பல்சக்கரத்தை வாங்கி மாட்டினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது!

எனவே கடைக்குப் போனால் இன்ஜினைக் கவிழ்த்துப் பாருங்கள். கையில் கனம் பாருங்கள். தண்டவாளத்தில் வைத்து ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். வேகமாக எதுவும் ஓடும். திக்காமல், நிற்காமல் எறும்பு மாதிரி ஊர்ந்து போகிறதா? தைரியமாக வாங்கலாம். பெயின்ட் சுமாராக இருந்தால் பரவாயில்லை, அங்கேதான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.