சிரபுஞ்சியை விட்டுப் போன தலைமையிடம்

மேகாலயாவின் காசி மலைகளைப் பற்றிப் போன மாதம் ஒரு குறிப்பு எழுதினேன். (வாரணாசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காசி என்பது அங்கே வாழும் மக்களின் பெயர்.) அதில் "இம்மலைகளில் ஆண்டுக்கு 11,000 மி.மீ. மழை" என்று போட்டுவிட்டேன். ஷில்லாங்கில் சில வருஷம் வேலை பார்த்த நண்பர் படித்துவிட்டு, "நான் இருந்த ஊர்ல அதுல அஞ்சுல ஒரு பங்குதான் பெய்யும்" என்றார். தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் எழுதியது சிரபுஞ்சிக் கணக்கு.

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் 40 கி.மீ.கூட இல்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஆங்கிலேயருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

1830களில் சிரபுஞ்சியில்தான் அவர்கள் கால் ஊன்றினார்கள். கீழே சில்ஹெட் சமவெளி கொதிக்கும், மேலே குளிர்ச்சி. நோயுற்ற படைவீரர்கள் தங்கித் தேற நல்ல இடம் என்று நினைத்தார்கள். மழை அந்த நினைப்பைக் கரைத்துவிட்டது. 1850இல் அங்கே வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஒரே நாளில் 30 அங்குலம் அளந்தார். 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை பெய்தது 26,461 மி.மீ.; பன்னிரண்டு மாத மழையில் உலக சாதனை இன்றும் அதுதான். அடுத்த சில வருஷங்களில், 1864 வாக்கில், மாவட்டத் தலைமையிடம் ஷில்லாங்குக்குப் போனது. 1874இல் அசாம் தனி மாகாணமானபோது ஷில்லாங்தான் தலைநகர்.

உயரம் கூடினால் மழையும் கூடும் என்று நாம் சாதாரணமாக நினைக்கிறோம். ஷில்லாங் சிரபுஞ்சியைவிட உயரம். ஆனாலும் மழை குறைவு. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று சமவெளியைத் தாண்டியதும், செங்குத்தான தெற்கு விளிம்பில் முட்டி, சுமார் 1,300 மீட்டர் சட்டென்று மேலேறுகிறது. குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடுகிறது. ஷில்லாங்கோ விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, ஷில்லாங் சிகரத்துக்கு வடக்கே இருக்கிறது. மிச்சம் மீதிதான் அதற்கு.

அந்த விளிம்பிலும் மழை வருஷம் முழுக்க இல்லை. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் பெய்து, மண் தங்காத பாறைச் சரிவில் வழிந்து வங்கதேசத்துக்குப் போய்விடும். குளிர்காலத்தில் சிரபுஞ்சிப் பெண்கள் குடத்தோடு தண்ணீர் தேடி நடக்கிறார்கள். என் குறிப்பை நம்பி யாராவது அங்கே ஒரு குடிநீர்த் திட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

குறிப்பைத் திருத்திவிட்டேன். இனி மலையூர் மழைக்கணக்கு எதைப் பார்த்தாலும், மழைமானி சரிவின் எந்தப் பக்கம் இருந்தது, எந்த மாதம் அளந்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.