இருபது நிமிடப் பிரசங்கம்

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'செர்மோன்' என்றால் மாதா கோவிலில் சாமியார் செய்யும் பிரசங்கம் என்று சிறுவயதிலேயே தெரியும். ஆங்கிலத்திலும் அதே எழுத்துதான், 'செர்மன்' என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு ஜாஸ் இசைத்தட்டு இருப்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ஜிம்மி ஸ்மித் என்ற ஆர்கன் கலைஞருடையது.

அந்தப் பெயர் பொருத்தமானது. 1935இல் அமெரிக்காவில் ஹேமண்ட் மின்சார ஆர்கன் விற்பனைக்கு வந்தது. பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத கோவில்கள் அதை வாங்கின. கறுப்பின மக்களின் கோவில்களில் அது நன்றாக வேரூன்றியது. அந்த வாத்தியத்துக்கு ஜாஸில் நிலையான இடம் பிடித்துக் கொடுத்தவர் ஸ்மித்.

1958 பிப்ரவரி 25இல் பதிவானது 'தி செர்மன்' என்ற உருப்படி. இருபது நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதுதான். நடை சாதாரண ப்ளூஸ். நம் தாள ஆவர்த்தனம் போல, 12 அளவு கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். விரிவாக எழுதி வைத்த ஏற்பாடு எதுவும் இல்லை. நண்பர்கள் கூடி முறை வைத்துப் பேசுவது போன்ற வாசிப்பு. இதைத்தான் 'ஜாம் செஷன்' என்கிறார்கள்.

ஸ்மித் முதலில் வாசிக்கிறார். பிறகு கென்னி பர்ரெலின் கிதார், டீனா ப்ரூக்ஸின் டெனர் சாக்ஸபோன், 19 வயது லீ மார்கனின் டிரம்பெட், லூ டொனால்ட்சனின் ஆல்டோ சாக்ஸபோன். டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. பேஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. ஸ்மித்தே இடது கையாலும் பாத மிதிகளாலும் அந்த வேலையையும் பார்த்துக்கொள்கிறார்.

அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன் நான். எழுதுவது ஒருவர், பெயர் இன்னொருவருக்கு, அது பழகிப்போனது. இங்கே அட்டையில் பெயர் உள்ளவரே, தன் முறை முடிந்ததும், மற்ற நால்வருக்கும் கீழே நின்று தாங்குகிறார்.

டீனா ப்ரூக்ஸ் 1974இல் 42 வயதில் இறந்தார். அவர் தலைமையில் பதிவானவற்றில் ஒரே ஒரு இசைத்தட்டுதான் அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்தது. மற்றவை பெட்டியிலேயே கிடந்தன. இந்த இருபது நிமிடத்தில் மட்டும் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"என்னங்க, இந்தப் பாட்டு முடியவே முடியாதா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். இன்னும் இரண்டு பேர் பேச வேண்டியிருக்கிறது என்றேன்.