துன்பத்திற் பிறந்த பயணம்

ஆங்கிலத்திலே 'டிரவெயில்' என்றொரு சொல் உண்டு. துன்பம், தொல்லை, கடும்பாடு என்பன அதன் பொருள்கள். இன்று அன்றாடப் பேச்சில் அது பெரிதும் வழங்குவதில்லை. பழைய விவிலிய மொழிபெயர்ப்பிலும் செய்யுளிலும், சற்றே பெருமிதத்தோடு எழுதப்படும் கட்டுரைகளிலுமே தலைகாட்டும். ஆனால், அதன் உடன்பிறப்பாகிய 'டிராவல்' என்னும் சொல்லை அறியாதார் இலர். பயணம் என்பது அதன் பொருள். இவ்விரண்டும் ஒரு காலத்தில் ஒரே சொல்லாயிருந்தன. துன்பத்தையும் பயணத்தையும் குறிக்க ஒரு சொல்லே போதுமாயிருந்த காலம் அது.

இச்சொல்லின் மூலத்தைத் தேடிச் செல்வோர் ஒரு வதைக்களத்தை அடைகின்றனர். இலத்தீனிலே 'திரி' என்பது மூன்று. 'பாலுஸ்' என்பது நடுமரம். மூன்று மரங்களை நட்டு, அவற்றில் மனிதனைப் பிணித்து வதைக்கும் பொறிக்குத் 'திரிபாலியம்' எனப் பெயர் வழங்கிற்று. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சிலுள்ள ஓசேர் நகரிற் கூடிய திருச்சபை மன்றம், குற்றஞ்சாட்டப்பட்டோர் வதையுறும் இப்பொறியின் அருகே குருமார் நிற்றலாகாது என விதித்தது. இம்மூலத்தை அண்மைக்காலத்தில் ஐயுறும் மொழிநூலாரும் உளர். எனினும் பெரும்பாலான அகராதிகள் இதனையே கூறுகின்றன.

வதைத்தல் என்பது நாளடைவில் வருந்துதலாயிற்று. வருந்துதல், வருந்தி உழைத்தலாயிற்று. பிரெஞ்சு மொழியில் இன்று 'திரவாய்' என்றால் வேலை. பிள்ளைப்பேற்று நோவுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். லாடம் அடிக்கும்போது மாட்டையும் குதிரையையும் கட்டிவைக்கும் மரச்சட்டகத்தையும் அவர்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர். பழைய நடுமரங்கள் அங்கேதான் இன்னும் நிற்கின்றன போலும்! உழைப்பையும் துன்பத்தையும் ஒரே சொல்லில் அடக்குவது தமிழருக்கும் புதிதன்று. பாடுபடுகிறவன் உழைக்கிறான், படாத பாடு படுகிறவன் துன்புறுகிறான். 'வருத்தம்' என்பது பழந்தமிழில் முயற்சியையும் குறித்தது. யாழ்ப்பாணத்திலோ அது நோய்.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரசவையிலும் மன்றிலும் பிரெஞ்சு மொழி ஆட்சிசெய்தது. அதன் வழியே 13ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது. முதலில் உழைப்பையும் துன்பத்தையும் குறித்த சொல், 14ஆம் நூற்றாண்டில் பயணத்தையும் குறிக்கலாயிற்று.

அக்காலப் பயணத்தை அறிந்தார்க்கு இது வியப்பளியாது. பாதைகள் சேறு, காடுகளிலே கள்வர். யெருசலேமுக்குச் செல்வோர் வெனிஸ் நகரிலே கப்பலேறி, யாப்பாத் துறையை அடைய வாரக்கணக்காகக் கடலிற் கிடந்தனர். மீள்வது உறுதியன்று ஆதலின், உயில் எழுதிவைத்துப் புறப்படுவது வழக்கமாயிருந்தது. லின் என்னும் நகரத்தைச் சேர்ந்த மார்ஜரி கெம்ப் என்னும் மாது 1413இல் அவ்வாறு புறப்பட்டாள். பதினான்கு பிள்ளைகளைப் பெற்றவள். எழுதப்படிக்க அறியாத அவள் பிறரைக்கொண்டு எழுதுவித்த நூல், ஆங்கிலத்திலுள்ள தன்வரலாறுகளுள் மிகப் பழையது எனப் போற்றப்படுகிறது. அவளுடைய ஓயாத அழுகையும் சமயப் பேச்சும் உடன்சென்றோருக்குப் பொறுக்கவில்லை. அவளது அங்கியைக் குட்டையாக வெட்டி, பேதை போலத் தோன்றுமாறு சாக்குத்துணி போன்றதொன்றை உடுத்துவித்து, பந்தியின் கடைசியில் இருத்தினர். முதற்பிள்ளை பெற்றபின் அடைந்த மனநோயையும் அவள் அந்நூலிற் கூறுகிறாள். பிள்ளைப்பேறு, பயணம், துன்பம் என்னும் மூன்றையும் குறித்த அச்சொல்லின் பொருளை அவளைவிட நன்கறிந்தவர் அரியர்.

நெடுங்காலம் இரண்டு பொருளுக்கும் எழுத்து வேறுபடவில்லை. 1609இல் அச்சேறிய சேக்ஸ்பியரின் பாடல்களுள் 27ஆவதிலே, பயணக்களைப்பைக் கூறுமிடத்துத் துன்பத்துக்குரிய எழுத்தே காணப்படுகிறது. பிற்காலப் பதிப்பாசிரியரே அதனைத் திருத்தினர். நெறிப்பட்ட வீதிகளும் தபால் வண்டிகளும் பெருகப் பெருக, சொற்கள் இரண்டும் தனித்தனியே விலகின.

பின்னர் புகைவண்டி வந்தது. 1841 யூலை 5ஆம் நாள் தோமஸ் குக் என்பார் ஏறக்குறைய 500 பேரை, ஆளுக்கொரு சிலிங் கட்டணத்தில், லெஸ்டரிலிருந்து லொப்பரோ நகருக்கு மதுவிலக்குக் கூட்டமொன்றிற்கு அழைத்துச் சென்றார். திறந்த பெட்டிகளிலே புகையும் கரித்தூளும் முகத்திற் படிய அமர்ந்து சென்றோர் அன்று மாலையே வீடு திரும்பினர். உயில் எழுதிவைக்கும் தேவை எழவில்லை.