புதுச்சேரிக் கிராமப்புறங்களில் கார் பராமரிப்பின் வரலாறு

கார் பராமரிப்பு என்பது ஓடிய தூரத்தையும் கழிந்த காலத்தையும் கணக்கிட்டு எஞ்சின் ஆயில், வடிகட்டிகள், பிரேக் கட்டைகள், பெல்ட்டுகள் முதலியவற்றைச் சோதித்தும் மாற்றியும் வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்கும் வேலை ஆகும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இவ்வேலை இன்று மூன்று இடங்களில் நடைபெறுகிறது: உரிமையாளரின் வீட்டு வாசல், ஊர்ப் பட்டறை, கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம். கடந்த நூறாண்டில் வேலை இம்மூன்றுக்கும் இடையே இடம் மாறிவந்துள்ளது. ஸ்பேனர் பிடிக்கும் திறமை மட்டுமே இம்மாற்றத்தைத் தீர்மானிக்கவில்லை. காரின் அமைப்பு, உதிரிபாகம் கிடைக்கும் வழி, சோதனைக் கருவி, உத்தரவாத நிபந்தனை ஆகியவை யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தன என்பதும் அதைத் தீர்மானித்தது.

இடப் பின்னணி

கொம்யூன் என்னும் உள்ளாட்சிப் பிரிவு 1880 ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையால் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்த பின்னும் இப்பெயர் நீடித்தது. 1973 ஆம் ஆண்டின் சட்டம் இவற்றைக் கொம்யூன் பஞ்சாயத்துகளாக அமைத்தது. வில்லியனூர் புதுச்சேரி நகருக்கு மேற்கே விழுப்புரம் செல்லும் வழியில் உள்ளது. பாகூர் நகருக்குத் தெற்கே கடலூர்ப் பக்கம் உள்ள நெல் விளையும் பகுதி. இரு கொம்யூன்களின் ஊர்களும் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுடன் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. ஆகவே இப்பகுதியின் வாகனப் பராமரிப்பு வரலாற்றைத் தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

தொடக்கக் காலம்

தென்னிந்தியாவில் கார் நுழைந்தபோது அதைப் பழுது பார்க்கும் தனித்தொழில் என ஒன்று இல்லை. குதிரை வண்டி கட்டியவர்களும் இயந்திரப் பட்டறைக்காரர்களுமே அவ்வேலையை ஏற்றனர். சென்னையில் வண்டி கட்டும் தொழில் செய்துவந்த சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் 1903 இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார்.

தானே பிரித்துப் பார்த்துக் கற்ற மரபுக்குப் பெயர்பெற்ற சான்று கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974). கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், ஆங்கிலேய அலுவலர் ஒருவரிடமிருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்து மீண்டும் பூட்டி அதன் இயக்கத்தைக் கற்றார். 1920 இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சி–பழனி வழித்தடத்தில் தொழிலைத் தொடங்கினார். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும் பேருந்துத் தொழிலில் வளர்ந்து, கார் விற்பனையையும் பழுதுபார்ப்பையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது.

இரண்டாம் உலகப் போர்க்கால பெட்ரோல் தட்டுப்பாட்டில் பல பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. அதற்கான கருவியை டி.வி.எஸ். தயாரித்தது. கரி நிரப்புவது, சாம்பல் அள்ளுவது, வாயுக் குழாயைச் சுத்தம் செய்வது எல்லாம் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் அன்றாட வேலையாயின. கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராகி, மெக்கானிக்காகும் பயிற்சி முறை இத்தகைய சூழலில் வேரூன்றியது.

அம்பாசிடர் காலம்

1953 இல் இந்திய அரசு, உள்நாட்டில் உற்பத்தித் திட்டம் இல்லாத கார் நிறுவனங்களை அனுமதிப்பதில்லை என முடிவு செய்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சந்தையில் மூன்று வகைக் கார்களே முதன்மையாக இருந்தன: இந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசிடர் (1957), பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட் (பின்னர் பத்மினி), சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு (1961).

இம்மூன்றும் கையால் பழுது பார்க்க ஏற்றவை. அம்பாசிடரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். ஹெரால்டின் பானெட் முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிச் சாயும். முன்சக்கரம் வரை எல்லாம் வெளியே தெரியும். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பது, பாயின்ட் இடைவெளி வைப்பது, கார்புரேட்டர் ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்வது, டேப்பெட் சரிசெய்வது, நிப்பிள்களில் கிரீஸ் அடிப்பது ஆகியவற்றை ஓட்டுநர்களும் பல உரிமையாளர்களும் தாமே செய்தனர். பேட்டரி இறங்கினால் சுற்றிக் கிளப்ப ஹேண்டில் உண்டு.

அதேவேளை அக்காலக் கார்கள் அடிக்கடி கவனிப்பைக் கேட்டன. பாயின்டும் கார்புரேட்டரும் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை சரியிலிருந்து விலகிவிடும். தானே பழுது பார்க்கும் திறமை பரவலாக இருந்ததற்கு இதுவும் காரணம்.

வேளாண் ஊர்களில் காருக்கு முன்பே இயந்திர அறிவு வந்துவிட்டது. கிணற்றடி ஆயில் எஞ்சினும், 1960 இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே போன்ற நிறுவனங்களின் டிராக்டரும் உழவர்களுக்கு ஆயில் மாற்றவும், டீசல் வடிகட்டி கழற்றவும், காற்றுப் பிடித்த டீசல் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றவும் கற்றுத்தந்தன. ஊர்ப் பட்டறைகள் பம்புசெட், டிராக்டர், கார் என எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்தன. லேத் பட்டறை, டிங்கரிங் கடை, பஞ்சர் கடை, பழைய பாகக் கடை என இத்தொழில் கிளைத்தது. ஆயுத பூசையன்று கருவிகளைக் கழுவி, பொட்டு வைத்துப் படைக்கும் வழக்கம் இப்பட்டறைகளில் இன்றும் உள்ளது.

மாருதியும் சர்வீஸ் மையமும்

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 கார் உரிமையாளரிடம் வழங்கப்பட்டது. 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட அதன் எஞ்சின் குறுக்குவாட்டில் பொருத்தப்பட்டு முன்சக்கரங்களை இயக்கியது. அம்பாசிடரில் கைபழகியவர்களுக்கு இது புதிய அமைப்பு. மாருதி தன் காருடன் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையங்களின் வலைப்பின்னலையும் வளர்த்தது. 1,000, 5,000, 10,000 கி.மீ. என்ற கணக்கில் மூன்று இலவச சர்வீஸ்கள், முத்திரையிட்ட சர்வீஸ் புத்தகம், ‘அசல் உதிரிபாகம்’ என்ற அடையாளம் ஆகியவை கார் வாங்குவோரிடம் பழக்கமாயின. இலவச சர்வீஸில் கூலி மட்டுமே இலவசம். மாற்றப்படும் ஆயிலுக்கும் பாகத்துக்கும் பணம் கட்ட வேண்டும்.

1993 இல் கார் தொழிலுக்கான உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் ஆலை அமைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சர்வீஸ் மையங்களை அமைத்தது. இவை நகரங்களிலும் பெரிய சாலைகளிலும் அமைந்ததால், உட்கிராமத்தவர் ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அரை நாளை ஒதுக்கி நகரம் செல்ல வேண்டியதாயிற்று.

மின்னணுவியலின் வருகை

2000 ஆம் ஆண்டை ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீய்ச்சும் முறை பிடித்தது. பாயின்ட் மறைந்தது, எஞ்சினைக் கணினிக் கட்டுப்பாட்டகம் இயக்கத் தொடங்கியது. பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரல் 1 இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் நிலையைத் தாண்டி, பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் 1 இல் வந்தது.

இம்மாற்றம் இருவகை விளைவை உண்டாக்கியது. அன்றாடத் தொல்லை குறைந்தது: பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்றாயிற்று. ஆனால் எஞ்சின் விளக்கு எரிந்தால் காரணம் அறிய ஸ்கேனர் தேவைப்பட்டது. காதால் கேட்டும் புகையைப் பார்த்தும் நோய் கண்ட மெக்கானிக்குகள் பலர் அங்கே நின்றுவிட்டனர். நிறுவனங்களின் ஸ்கேனரும் பழுதுபார்ப்புக் கையேடும் வெளியாருக்கு எளிதில் கிடைக்கவில்லை.

போட்டி ஆணைய வழக்கு

இக்கட்டுப்பாட்டுக்கு எதிராக 2011 இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையீடு வந்தது. ‘ஷம்ஷேர் கட்டாரியா எதிர் ஹோண்டா சியல்’ எனப்படும் இவ்வழக்கு மூன்று நிறுவனங்களுக்கு எதிராகத் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் சுதந்திரப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பது அதன் முடிவு.

ஊர்ப் பட்டறைகளைப் பொறுத்தவரை அபராதத் தொகையை விட முக்கியமானவை ஆணையத்தின் கட்டளைகள். வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததற்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யும் பொது நிபந்தனையை நிறுவனங்கள் விதிக்கக்கூடாது. தவறான பழுதுபார்ப்பால் உண்டான சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்று ஆணையம் கூறியது. பாகங்களும் கருவிகளும் வெளியாருக்குக் கிடைக்க வழி செய்யவும் கட்டளையிட்டது.

ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியிருந்ததால் அதன் மீதான உத்தரவு தனியாக 2015 ஜூலையில் வந்தது, அபராதம் ரூ. 420.26 கோடி. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றின் மேல்முறையீட்டில், போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தவறு நடந்ததை உறுதிசெய்து அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது. வழக்குகள் மேல் நீதிமன்றங்களுக்கும் சென்றன.

பிற நாடுகளிலும் இதே சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் 1975 ஆம் ஆண்டு உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையே வாங்க வேண்டும் என்று உத்தரவாதத்தோடு நிபந்தனை சேர்ப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012 இல் கார் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் இயற்றியது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய ‘பழுதுபார்ப்பு உரிமை’ வலைவாசலில் மோட்டார் வாகனமும் ஒரு பிரிவு.

விலை வேறுபாடு

சர்வீஸ் மையக் கட்டணத்தில் பாகம், ஆயில், கூலி, வரி என நான்கு கூறுகள் உள்ளன. கட்டடம், கருவி, பணியாளர் பயிற்சி, வரவேற்பறை ஆகியவற்றின் செலவு கூலியில் சேர்கிறது. கூலிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு: ரூ. 1,000 கூலி ரூ. 1,180 ஆகிறது. ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு பட்டறை பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதன் கூலியில் இவ்வரி சேராது. எஞ்சின் ஃபிளஷ், உள்ளறைச் சுத்தம், பூச்சு போன்ற கூடுதல் வேலைகள் பட்டியலில் ஏறும்போது இடைவெளி மேலும் விரிகிறது. அவ்வேலை தன் காருக்குத் தேவையா என்பதை உரிமையாளர் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டு அறியலாம்.

மறுபுறம், மையத்தின் பதிவேடு காரை விற்கும்போது மதிப்பைக் கூட்டுகிறது. உத்தரவாதக் காலத்தில் பெரிய பாகம் பழுதானால் வாதத்துக்கு இடமின்றி உதவுகிறது. வீட்டில் ஆயில் மாற்றுவோர் நாள், கி.மீ. அளவு, ஆயில் வகை ஆகியவற்றைக் குறித்து ரசீதுகளைச் சேர்த்து வைப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

வீட்டில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

ஆயில் அளவு பார்த்தல், காற்று வடிகட்டியையும் ஏ.சி. வடிகட்டியையும் மாற்றுதல், வைப்பர் ரப்பர், விளக்கு, பேட்டரி முனை, டயர் காற்று, கூலன்ட் அளவு ஆகியவை எளிய கருவிகளோடு செய்யத்தக்கவை. கடற்காற்று படும் ஊர்களில் அடிப்பாகத்தைக் கழுவித் துருவைக் கவனிப்பதும் இவற்றில் சேரும். ஆயில் மாற்றுவதற்குச் சரியான ஸ்பேனரும் உறுதியான தாங்கியும் தேவை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து.

பிரேக், ஏர்பேக், மின்கார்களின் உயர் மின்னழுத்தப் பகுதி ஆகியவை பயிற்சி பெற்றவருக்கு உரியவை. டீசல் துகள் வடிகட்டி உள்ள வண்டியில் கையேடு சொல்லும் தர எண்ணுக்கு மாறான ஆயிலை ஊற்றினால், மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கு செலவு வரக்கூடும்.

கழிவு ஆயில்

சிறிய பெட்ரோல் கார் ஒன்றிலிருந்து ஒரு சர்வீஸுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் பழைய ஆயில் வெளியேறும். இந்திய விதிகளில் இது தீங்கான கழிவு. வேலியில் கறையான் தடுக்கவும் புழுதி அடக்கவும் இதை ஊற்றும் வழக்கம் கிராமங்களில் உண்டு. பாகூர் ஏரி, பங்காரு வாய்க்கால், ஊசுட்டேரி ஆகியவற்றின் நீரையும் ஊர்க் கிணறுகளையும் நம்பியுள்ள பகுதியில் இதன் கேடு அந்த வாசலோடு நிற்பதில்லை. மூடிய கேனில் சேர்த்து, சேகரிப்போரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படைப்பதே முறை. 2024 ஏப்ரல் 1 முதல் பழைய ஆயிலைத் திரும்பச் சேர்த்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது.

இன்றைய நிலை

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் உற்பத்தி 2022 இல் முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இலேயே இந்திய விற்பனையைக் கைவிட்டிருந்தது. சர்வீஸ் தொடரும் என அறிவிக்கப்பட்டாலும் விற்பனையகங்கள் குறைந்தன. இக்கார்களை வைத்திருப்போருக்கு, அந்த எஞ்சினில் பழகிய வெளி மெக்கானிக்கும் பாகக் கடையும் முன்னைவிட முக்கியமாயினர்.

உத்தரவாதம் முடியும் வரை நிறுவன மையம், அதன்பின் ஊர்ப் பட்டறை, சிறு வேலைகளுக்கு வீட்டு வாசல் என்ற கலப்பு முறையைப் பலர் பின்பற்றுகின்றனர். மின்கார்களில் எஞ்சின் ஆயிலே இல்லாததால் பட்டறைகளின் வழக்கமான வருவாயில் ஒரு பகுதி குறையும். பேட்டரி, மென்பொருள் தொடர்பான கையேடும் கருவியும் அவர்களுக்கு எந்த அளவு கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே, அடுத்த தலைமுறைக் கார்களை ஊரிலேயே பழுது பார்க்க முடிவதும் முடியாமற்போவதும் அமையும்.