போக்சோ பிறந்த கதை

2012-க்கு முன்பு இந்தியாவில் ஒரு சிறுவனைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவன் மீது வழக்குப் போட, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவை விட்டால் ஏறக்குறைய வேறு வழியே இல்லை. சிறுமிகளின் நிலையும் பெரிதாக மேம்பட்டதல்ல. வன்புணர்வுக்கான 375-ஆம் பிரிவின் குறுகிய வரையறைக்குள் அடங்காதவை மானபங்க வழக்காகச் சுருங்கிவிடும். அதற்கு அப்போது அதிகபட்சம் 2 ஆண்டு சிறை.

அந்த வரையறையை விரிக்கக் கோரித் தொண்டு நிறுவனம் ஒன்று தொடுத்த 'சாக்‌ஷி' வழக்கில், அது நாடாளுமன்றத்தின் வேலை என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தது: குற்றம் சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி திரை கட்டுங்கள், சாட்சி சொல்லும் குழந்தைக்கு இடையிடையே ஓய்வு கொடுங்கள் என்று உத்தரவிட்டது.

'நம் வீடுகளில் இதெல்லாம் நடக்காது' என்ற பேச்சை உடைத்தது, மத்திய அரசே 2007-ல் வெளியிட்ட ஆய்வு. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டார்கள். ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். அவர்களில் பாதிக்கும் மேல் சிறுவர்கள். கொடுமை செய்தவர்களில் சரிபாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரியவர்கள்.

2012 மே மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்), நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. ஆண், பெண் பேதமின்றி 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் காக்கும் சட்டம் இது. தண்டனைப் பிரிவுகளைவிட நடைமுறைப் பிரிவுகளே இதன் உயிர் என்பேன். வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் வரக்கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக்கூடாது. நீதிமன்றம் வழக்கை ஏற்றதிலிருந்து 30 நாளில் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், வழக்கை இயன்றவரை ஓராண்டில் முடிக்க வேண்டும்.

சறுக்குவதும் அங்கேதான். வாய்தா நீள நீள, அன்று 8 வயதில் நடந்ததை அந்தப் பிள்ளை பருவ வயதில் நின்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றவாளி சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருந்தால், குடும்ப மானம் என்று சொல்லியே சாட்சியைப் பிறழ வைத்துவிடுகிறார்கள். 2019-ல் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை மரண தண்டனை வரை கூட்டினார்கள். கடுமை கூடக்கூட, உறவினர் மீது புகார் கொடுக்கக் குடும்பங்கள் இன்னும் தயங்கும். வேண்டியது கூடுதல் நீதிமன்றங்கள், பயிற்சி பெற்ற காவலர்கள், வழக்கு முடியும்வரை குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆதரவாளர்.

தெரிந்தும் புகார் தராமல் மறைப்பதும் இச்சட்டப்படி குற்றம். ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நம்புங்கள்; குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.