விமான எஞ்சின் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு: சேருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகும் காலங்களில், விமானத்துறைக் கற்கைநெறிகள் பற்றிய விளம்பரங்களும் நம் கண்ணில் அதிகம் படத் தொடங்கும். கணிதப் பிரிவில் கற்ற பிள்ளை ஆசைப்படுகிறது. பெற்றோரும் காணியை விற்றோ நகையை அடகு வைத்தோ கட்டணத்தைச் செலுத்தத் தயாராகிறார்கள். ஆனால் அந்தப் படிப்பு எதைத் தரும், எதைத் தராது என்பதைப் பலர் விசாரிப்பதில்லை.

விமான எஞ்சின் தொழில்நுட்பம் என்பது காற்றை உள்ளிழுத்து, அமுக்கி, எரிபொருளுடன் எரித்து, வெளியேறும் வாயுவிலிருந்து உந்துவிசையைப் பெறும் அறிவியலாகும். இங்கிலாந்தின் பிராங்க் விட்டில் 1930இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஜெர்மனியின் ஹான்ஸ் வான் ஓஹைன் வடிவமைத்த எஞ்சினுடன் முதல் ஜெட் விமானம் 1939 ஓகஸ்ட் 27இல் பறந்தது.

இன்றைய பயணிகள் விமான எஞ்சின்களில் உந்துவிசையின் பெரும்பகுதியைத் தருவது முன்னால் உள்ள பெரிய விசிறியே. ஏ320 நியோ விமானங்களில் பயன்படும் லீப் எஞ்சினில், மையப்பகுதிக்குள் செல்லும் ஒரு பங்கு காற்றுக்குச் சுமார் 11 பங்கு காற்று அதனைச் சுற்றி வெளியே செல்கிறது. எரிபொருள் மிச்சமாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். டர்பைனுக்குள் நுழையும் வாயுவின் வெப்பநிலை, அதன் அலகுகள் செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகத்தின் உருகுநிலையையும் விட அதிகம். அலகின் உள்ளே குளிர்காற்றுப் பாதைகளும் மேலே வெப்பத்தடுப்புப் பூச்சும் இருப்பதாலேயே அது உருகாமல் தாக்குப்பிடிக்கிறது.

எனவேதான் பட்டப்படிப்பில் கணிதம், வெப்ப இயக்கவியல், பாய்மப் பொறியியல், உலோகங்களின் இயல்பு, அதிர்வு, கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்பன ஆழமாகக் கற்பிக்கப்படுகின்றன. இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் அத்திவாரம் பலவீனமான மாணவர் முதல் வருடத்திலேயே திணறுவார்.

இதில் கவனக்குறைவின் விலை உயிர். 2018 ஏப்ரல் 17இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில், உலோகக் களைப்பினால் வெடிப்புற்றிருந்த ஒரு விசிறி அலகு நடுவானில் முறிந்தது. சிதறிய பாகங்களால் ஜன்னல் உடைந்து ஒரு பயணி உயிரிழந்தார். அதன் பின்னர் அவ்வகை எஞ்சின்களின் அலகுகளை மீயொலி மூலம் பரிசோதிப்பது கட்டாயமாக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேடிப் பிடிப்பதே இத்துறையினரின் அன்றாட வேலை.

பெற்றோர் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பட்டம் வேறு, பராமரிப்பு அனுமதிப்பத்திரம் வேறு. பட்டதாரி வடிவமைப்பு, பகுப்பாய்வு, திட்டமிடல், ஆய்வு போன்ற பணிகளுக்குச் செல்லலாம். ஆனால் திருத்தப்பட்ட விமானம் பறக்கத் தகுதியானது எனக் கையொப்பமிட அனுமதிப்பத்திரம் தேவை. இலங்கையில் அதனை வழங்குவது சிவில் விமான சேவைகள் அதிகார சபை. ஐரோப்பிய முறையில், டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கான அனுமதிப்பத்திரம் பீ1.1 எனப்படும். அதற்கான ஒவ்வொரு பாடப் பரீட்சையிலும் 75 வீதம் பெற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியை முடித்தவருக்கும் இரண்டு வருட நடைமுறை அனுபவம் அவசியம். பட்டச் சான்றிதழ் மாத்திரம் இந்த இடத்தை நிரப்பாது.

நம் நாட்டில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பட்டப்படிப்பு உள்ளது. தனியார் நிறுவனங்களையோ வெளிநாட்டையோ நாடுவோர், பணம் செலுத்துவதற்கு முன் பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள்:

1. பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதனை ஏற்றுக்கொள்கிறதா?

2. பொறியியல் பட்டமெனில், அது வொஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றதா? இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 முதல் அதன் முழு உறுப்பினராகும்.

3. அனுமதிப்பத்திரப் பயிற்சியெனில், அதனை அங்கீகரித்த அதிகார சபை எது?

4. மாணவர் உண்மையான எஞ்சினில் கைவைத்துப் பழகும் மணித்தியாலங்கள் எத்தனை?

5. கட்டணத்தில் பரீட்சைச் செலவுகள் அடங்குமா? இடைநிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

தெளிவான பதில் தராத இடத்தில் சேராமல் இருப்பதே நல்லது. விமானத்தில் பறக்கும் ஆசை வேறு, எஞ்சினின் உள்ளே நுழைந்து பார்க்கும் பொறுமை வேறு. பொறுமையும் கணிதமும் உள்ள பிள்ளைக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், இத்துறையில் இடமுண்டு. விசாரித்து அனுப்புவது பெற்றோரின் பொறுப்பு.